லூயிசா டீச்சரின் மீன்தொட்டி

மீன்தொட்டிக்கு எதற்கு வைஃபை என்று நீங்கள் கேட்கலாம், பாஸ்டர் ஐயா. நானும் அப்படித்தான் கேட்டேன். தண்ணீருக்குள் கிடக்கிற மீனுக்கு இன்டர்நெட் எதற்கு என்றதும் டீச்சரின் மகன் ஆஸ்டின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

பிப்ரவரி மாதச் சபைக் கடிதத்துக்காக, அயலாரிடம் காட்டும் அன்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். லூயிசா டீச்சரை நான் பார்த்துக்கொள்வதைப் போலப் பெற்ற பிள்ளைகூடப் பார்க்காது என்று, ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் நிற்கும்போது சொன்னீர்கள். அது என் மனதில் தங்கிவிட்டது. மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் பாதிதான் வந்தது. பாதி உண்மையை அச்சில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். கடிதத்தில் எவ்வளவு போடலாம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதால் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். ஊரிகத்தில், தங்கச் சுரங்கத்துக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இரண்டுக்கு ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தப் பக்கம் லூயிசா டீச்சர், இந்தப் பக்கம் நான். அவருடைய கணவர் எரிக் மைனில் சர்வே ஆபீசில் இருந்தார். அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். பிள்ளை இல்லை. டீச்சருக்கு ஆஸ்டின் ஒரே மகன்; பெங்களூரில் வேலை, அங்கேயே பிளாட்.

எரிக் போன பிறகு டீச்சர் வீட்டு கேஸ் சிலிண்டரை நான்தான் மாற்றுவேன். கரண்ட் போனால் ஃபியூஸ் போடுவேன். மீன் தீனி தீர்ந்தால் பங்காருபேட்டைக்கு ரயிலேறிப் போய் வாங்கி வருவேன். அவர் பின்கட்டுச் சுவரின் மேல் ஒரு கிண்ணத்தில் குழம்பு வைத்து, "பர்னபாஸ், ஆறிப்போவும்" என்று குரல் கொடுப்பார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டில் டீ. ஒன்பது வருஷத்தில் அது தவறிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களைப் பற்றி யாரும் ஒரு தப்பான வார்த்தை பேசியதில்லை. பேசும்படி ஒன்றும் இருந்ததும் இல்லை.

அந்த மீன்தொட்டி எரிக்குடையது. ஐந்து ஏஞ்சல் மீன்கள். டீச்சர் தன் பழைய கடைசி பெஞ்ச் மாணவர்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தார். தீனி போட்டதும் மற்றதை இடித்துக்கொண்டு முதலில் வருகிற கொழுத்த மீனுக்கு டென்சில் என்று பேர். "அந்த டென்சிலும் இப்படித்தான், பக்கத்துப் பையன் டிபனைத்தான் முதல்ல தொறப்பான்" என்பார்.

போன வருஷம் மே மாதம் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பிளக்கைப் போட ஸ்டூலில் ஏறி டீச்சர் வழுக்கி விழுந்தார். காயம் பெரிதாக இல்லை. ஆனால் ஆஸ்டின் பயந்துபோய், ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். லைட், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர், ஃபில்டர், தீனி கொட்டும் டப்பா நாலையும் அந்தப் பெட்டியில் சொருகிவிட வேண்டும். முன்பக்கம் நாலு பொத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே அழுத்தலாம். வைஃபையில் சேர்த்துவிட்டால் போனிலிருந்தும் இயக்கலாம்.

டீச்சர் வீட்டில் நெட் கிடையாது. என் வீட்டில் உண்டு. என் ரவுட்டர் எங்கள் பொதுச்சுவரில்தான் மாட்டியிருக்கிறது.

"அங்கிள், உங்க வைஃபையிலேயே போட்டுக்கவா?"

"கேக்கணுமா? சுவரே பொது. அலை மட்டும் இன்னா தனியா?" என்றேன்.

ஆனால் பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்டின் ஒரு மணி நேரம் போராடினான். பொத்தானை அழுத்திப் பிடித்தான், பாஸ்வேர்டு அடித்தான், நெட்வொர்க் இல்லை என்று வந்தது. திரும்ப அழுத்தினான். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து, "இன்னாடா, ஒரு பொட்டிக்கு இவ்ளோ ஜெபமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான். இப்போதைய ரவுட்டர்கள் இரண்டு விதமான அலைகளை ஒரே பேரில் விடுகின்றன. ஒன்று பழைய மெதுவான அலை, இன்னொன்று புதிய வேகமான அலை. போன் தானாகவே வேகமானதில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு மெதுவானது மட்டும்தான் எட்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் சந்திக்காது. நான் ரவுட்டருக்குள் போய் இரண்டு அலைக்கும் தனித்தனிப் பேர் கொடுத்தேன். போனை மெதுவானதில் சேர்த்தேன். பெட்டியின் பொத்தானை நீல விளக்கு வேகமாக மினுக்கும் வரை பிடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். மினுக்கல் நின்று விளக்கு அசையாமல் எரிந்தது.

மைனில் நான் இருபத்தொரு வருஷம் வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் ஆட்களைக் கேஜில், இரும்புக் கூண்டில், இறக்கி ஏற்றுகிற வேலை. இறங்குகிறவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. கீழேயிருந்து பெல் வரும், நான் லீவரை அசைப்பேன், ஆழத்தில் எங்கோ மனிதர்கள் நகர்வார்கள். அந்த நீல விளக்கு நின்று எரிந்தபோது, வெகுநாளைக்குப் பிறகு எனக்கு ஒரு பெல் வந்தது போல இருந்தது.

அப்போது என் போனில்தான் அதைச் சேர்த்திருந்தோம். ஆஸ்டினின் போனில் சார்ஜ் இல்லை, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. "உங்க போன்லயே இருக்கட்டும் அங்கிள், அப்புறமா நான் சேந்துக்கறேன்" என்று ஓடினான். சேரவே இல்லை. வேலை அப்படி. டீச்சரிடம் இருப்பது பொத்தான் போன். பெட்டியை வெளியிலிருந்தும் இயக்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆஸ்டின் மறந்துபோனான். நானும் சொல்லவில்லை. அப்போது சொல்லாததற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் லைட்டை அணைக்காமல் டீச்சர் படுத்துவிட்டார். சுவர் ஓரத்து வெளிச்சத்தைப் பார்த்து நான் என் பக்கத்திலிருந்தே அணைத்தேன். மறுநாள் அவர், "எப்ப அணைச்சேன்னே ஞாபகம் இல்ல பாருங்க" என்று சிரித்தார். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது என் வழக்கம் இல்லை. டீயைக் குடித்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஆஸ்டினுக்கும் அவன் மனைவி எலைனுக்கும் பெண் குழந்தை பிறந்தது. ஈவ்லின். டீச்சர் லைனில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் கல்கண்டு கொடுத்தார். நான்தான் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன்.

ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். நான் வழக்கம்போல மைக் செட் மேசையில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். சபையார் எழுதிக் கொடுத்த ஸ்தோத்திரச் சீட்டுகளை நீங்கள் வாசித்தீர்கள். மூன்றாவது சீட்டு: "திருமதி லூயிசா எரிக், வரும் ஜனவரி முதல் மகன் வீட்டில் பேத்தியை வளர்க்கப் போகும் பாக்கியத்துக்காக."

எனக்கு அது காதுக்கு உள்ளேயே கேட்டது, ஐயா. மற்றவர்களுக்கு ஸ்பீக்கரில் கேட்டது. எலைனின் பிரசவ விடுப்பு ஜனவரியில் முடிகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள டீச்சர் போகிறார். பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தச் சங்கத்து டெய்சி திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், எனக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில். ஒன்பது வருஷம் பக்கத்துச் சுவரில் இருந்தவனுக்கு மைக்கில் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சரே பேச்செடுத்தார்.

"கோவமா பர்னபாஸ்?"

"எனக்கின்னா கோவம் டீச்சர். நல்ல விஷயம்தானே."

"உங்க மூஞ்சிய பாத்து எப்படி சொல்றதுன்னு தெரியல. அதான் சீட்டுல எழுதிட்டேன். நீங்க என்னை வையணும்னா வையுங்க."

நான் வையவில்லை. சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். என்னை நினைக்காமல் அவர் முடிவெடுத்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்கு நான் அவருக்கு என்ன செய்தேன் என்பதுதான் புரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஜெபித்தேன், யோசித்தேன். பதினொன்றாவது மாடியில் ஒரு பிளாட். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒரு கைக்குழந்தையோடு எழுபது வயதுப் பெண் தனியாக. பேச ஆள் இல்லை, நம் ஆராதனை இல்லை. அங்கே போனால் ஒரே வருஷத்தில் வாடிப்போவார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் கூப்பிடுவது குழந்தைக்காக. குழந்தையை நம்பி விட முடியாதவர் என்று தெரிந்தால் கூப்பிட மாட்டார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. அவர் இருக்கிற இடத்திலேயே இருப்பார்.

முதல் நாள் ஆகஸ்ட் இருபத்துமூன்று. காலை ஐந்து ஐம்பது. பெட்டியை இயக்க என் போனில் இருக்கிற ஆப்பில் ஹிஸ்டரி என்று ஒரு பக்கம் உண்டு. பொத்தானிலோ போனிலோ என்ன செய்தோம், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் பார்க்க விரும்பினால் காட்டுகிறேன். லைட்டைப் போட்டேன், அவ்வளவுதான். ஆறரைக்கு டீச்சர் எழுந்து வந்து பார்த்திருக்கிறார்.

கேஜை ஒரே இழுப்பில் இறக்கக் கூடாது. ஆட்கள் தலைசுற்றி விழுந்துவிடுவார்கள். மெல்ல எடுத்து, வேகம் ஏற்றி, மெல்ல நிறுத்த வேண்டும். ஆகவே ஒரு வாரம் எதுவும் செய்யவில்லை. பிறகு மறுபடி லைட். பிறகு இரண்டு நாள் விட்டு ஹீட்டர்.

"பர்னபாஸ், நான் அணைச்சேன். இந்த விரலாலதான் அழுத்தினேன். எப்படி எரியுது?"

"பொத்தானை அழுத்தாம எரியுமா டீச்சர்?"

நான் சொன்னதில் பொய் இல்லை. அது எப்போதும் அழுத்தினால்தான் எரியும்.

செப்டம்பர் கடைசியில் தீனி. அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு முறை அழுத்துவார். நான் என் பக்கத்திலிருந்து ஆறேகாலுக்கும் ஆறரைக்கும், அவர் அடுக்களையில் இருக்கும்போது, ஒவ்வொரு முறை அழுத்தினேன். நாலாம் நாள் தண்ணீர் மோர் போலக் கலங்கியது. டென்சில் பக்கவாட்டில் மிதந்தது. டீச்சர் கையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு, அதைத் தண்ணீரிலிருந்து எடுக்க மனம் வராமல் நின்றார்.

"மூணு தரம் போட்டிருக்கீங்க போல டீச்சர். டப்பா காலியா கீது பாருங்க."

"நான் ஒரு தரம்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "ஒரு தரம்தானே பர்னபாஸ்?"

நான் மீனைச் செய்தித்தாளில் சுற்றி, பின்கட்டில் குழி தோண்டிப் புதைத்தேன். தண்ணீரைப் பாதி மாற்றிக் கொடுத்தேன். ஐந்து வாளி. அவர் அழுதார். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு நேரத்தில் பக்கத்தில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அன்றுதான் அவர் உணர்ந்திருப்பார்.

அக்டோபரில் ஒரு ஜெப விண்ணப்பச் சீட்டு வந்தது உங்களிடம்: "ஞாபக மறதியால் வேதனைப்படும் ஒரு சகோதரிக்காக." அது நான் எழுதியது. பேர் போடவில்லை. ஒருவரின் பலவீனத்தைப் பேர் சொல்லி வெளியில் வைப்பது முறையில்லை. ஆனால் டீச்சர் வீட்டு மீன் செத்த கதை பெண்கள் சங்கத்தில் தெரிந்திருந்தது. நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார், யார் அந்தச் சகோதரி என்று.

அதன் பிறகு என் வேலை குறைந்துவிட்டது, ஐயா. சபையே அதைச் செய்தது. நம் மக்கள் நல்லவர்கள். டெய்சி அவருக்குப் பாட்டு எண்ணைக் காதருகில் இரண்டு முறை சொல்ல ஆரம்பித்தாள். ஒருவர் அவர் செருப்பை எடுத்து வைத்தார். இன்னொருவர், "டீச்சர், நான் ஜோஸோட சம்சாரம்" என்று ஒவ்வொரு வாரமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்களே வீட்டுக்கு வந்து, குனிந்து, மெதுவாக, "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டீர்கள். டீச்சர் உங்கள் முழுப் பேரையும் சொன்னார். நீங்கள் போன பிறகு என்னிடம், "பாஸ்டர் ஏன் அப்படிக் கேட்டாரு? நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா?" என்றார். நான், "அவருக்கு உங்க மேல அக்கறை டீச்சர்" என்றேன்.

இத்தனை பேர் அன்பாக மெதுவாகப் பேசினால் யாருக்கும் தன் மேல் சந்தேகம் வரும். அவர் ஒரு நாள் கண்ணாடியைத் தேடினார், எல்லாரும்தான் தேடுகிறோம். இப்போது அவர் தேடியது ஒரு செய்தியாகிவிட்டது.

எதிர் லைன் கிருஷ்ணம்மா மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. குழாயடியில் எல்லார் எதிரிலும் என்னை மடக்கினாள்.

"யோவ் பர்னபாஸ், டீச்சருக்கு மறதியாமே? நேத்து சாயங்காலம் என் பேரனுக்கு பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழா சொன்னாங்க. உனக்கு நேரா வருமா?"

"பழசெல்லாம் இருக்கும் கிருஷ்ணம்மா. புதுசுதான் நிக்காது. இந்த வியாதியே அப்படித்தான்."

"நீ எந்த ஆஸ்பத்திரியில டாக்டரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மேல் எனக்கு விரோதம் இல்லை.

நவம்பர் ஆரம்பத்தில் ஆஸ்டின் அவரைப் பெங்களூரில் ஒரு டாக்டரிடம் காட்டினான். நானும் போனேன். போகும் வழியில் அவன் தாழ்ந்த குரலில், "அங்கிள், அந்த ஆப்ல டைமர் கீமர் ஏதாச்சும் ஓடுதா? பொட்டில ஃபால்ட்டா இருக்குமோ?" என்றான். "நான் பாத்துட்டேன்பா. ஒரு டைமரும் இல்ல" என்றேன். டைமர் இல்லைதான். டாக்டர் நல்ல மனிதர். கேட்ட கேள்விகளுக்கு டீச்சர் ஓரளவு சரியாகவே பதில் சொன்னார், ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அதைக் கவனித்து, கூட இருப்பவர் உதாரணம் சொல்லுங்கள் என்றார். நான் ஆறு உதாரணம் சொன்னேன். தேதியோடு. டாக்டர் எழுதிக்கொண்டார்.

அப்போதும் எலைன் விடவில்லை. நல்ல பெண். அன்று மத்தியானம் அவர்கள் பிளாட்டில் சாப்பிடும்போது, "அத்தை கொஞ்சம் மறந்தா இன்னா அங்கிள்? கூப்பிட்டா ஓடி வரதுக்குப் பக்கத்து வீட்டு மமதா ஆன்ட்டி கீறாங்க, கேமரா வெச்சுக்கலாம். பாப்பா அவங்க கையிலதான் வளரணும்" என்றாள். டீச்சரின் முகம் மலர்ந்தது. ஈவ்லினை மடியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் நேரம் வரை இறக்கவே இல்லை. எலைன் அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தம்தான்.

நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலை டீச்சர் என் கதவைத் தட்டினார். எப்போதும் நான்தான் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் என் வாசலுக்கு வருவது அபூர்வம். கையில் பழைய பள்ளிக்கூட வருகைப் பதிவேடு. மாணவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் லைட், ஹீட்டர், தீனி, ஃபில்டர் என்று எழுதி, பதினோரு நாளாக ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கடிகாரத்தைப் பார்த்து மணி எழுதி, டிக் போட்டிருந்தார். நாற்பது வருஷம் ஆஜர் எடுத்த கை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

"பாருங்க பர்னபாஸ். நேத்து எட்டு மணிக்கு லைட் அணைச்சேன், டிக் கீது. காலையில எரியுது. முந்தாநாளும் அப்படியே. அப்போ நான் மறக்கல. பொட்டிதான் கெட்டுப்போச்சு! எனக்கு ஒண்ணும் இல்ல!" பரீட்சையில் பாஸான பிள்ளை போல நின்றார். கண்ணில் தண்ணீர். "ஆஸ்டினுக்குப் போன் போடுங்க. எலைன்கிட்டயும் சொல்லணும்."

நான் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் எழுதியது எல்லாம் சரி. என் போனில் இருக்கிற ஹிஸ்டரியோடு நிமிஷக் கணக்கில் பொருந்தும். அன்று நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். ஆனால் அப்போது அவர் சந்தோஷத்தில் எனக்குப் பங்கே இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். போகிற சந்தோஷம் அது.

"டீச்சர்," என்றேன் மெதுவாக. "இந்த டிக்கை நீங்க இன்னிக்கு காலையிலதான் போட்டீங்க. எழுந்து வந்ததும். ஜன்னல் வழியா நான் பாத்தேன்."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"காலையிலயா?"

"ஆமாம் டீச்சர்."

"நேத்து ராத்திரி போடலையா?"

"இல்ல டீச்சர்."

"அப்போ மீதி எல்லாம்?"

அவர் பதிவேட்டை மூடி என்னிடமே கொடுத்தார். "இதை நீங்களே வெச்சுக்கோங்க. என்கிட்ட இருந்தா திரும்பவும் ஏதாச்சும் எழுதி வெச்சுடுவேன்" என்றார். நான் அவரை உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன்.

ஹிஸ்டரியில் நான் அழுத்திய கடைசிப் பதிவு நவம்பர் பத்தொன்பது, காலை ஐந்து நாற்பது. அதற்குப் பிறகு நான் அந்த ஆப்பைத் திறக்கவில்லை. தேவைப்படவில்லை. கதவைப் பூட்டினேனா, மாத்திரை போட்டேனா, இன்று என்ன கிழமை என்று அவரே சுவரைத் தட்டிக் கேட்க ஆரம்பித்தார். நான் சொல்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னேன்.

கிறிஸ்மஸுக்கு மூவரும் வந்தார்கள். நான் டீச்சர் வீட்டில் கல்கல் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தேன். எலைன் நேராக அவரிடம் போய் ஈவ்லினை நீட்டினாள். ஐந்து மாதக் குழந்தை, சிவப்பு ஸ்வெட்டர். பாட்டியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தது. டீச்சர் எழுந்து சுவரோரம் நகர்ந்து, தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா."

"அத்தை, உக்காந்துகினே வெச்சுக்கோங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

"வேணாம் எலைன். நான் மறந்துபோயி எங்கியாச்சும் விட்டுட்டா? மீனு போனா புதைச்சுட்டாரு பர்னபாஸ். இது குழந்தைம்மா."

எலைன் எவ்வளவோ சொன்னாள். ஆஸ்டின் கெஞ்சினான், கோபித்துக்கொண்டான். அவர் அந்த இரண்டு நாளும் குழந்தையைத் தொடவில்லை. அது தூங்கும்போது வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அறைக்குள் காலை வைக்காமல். பெங்களூருக்கு வரமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் வேலைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். புறப்படும் முன் ஆஸ்டின் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அங்கிள், நீங்க இல்லன்னா அம்மாவ எங்க கொண்டுபோய் விட்டிருப்பேனோ" என்று அழுதான். அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். வளர்ந்த பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

இதுதான் நடந்தது. நான் அவரை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஒரு வேளையும் பட்டினி போட்டதில்லை. மீதி நாலு மீனும் நன்றாக இருக்கின்றன. தீனியும் இப்போது நானேதான் போடுகிறேன். டீச்சருக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்பதை உங்கள் தீர்மானத்துக்கு விடுகிறேன். சொன்னால் அவர் மனம் உடைந்துபோகும் என்பது என் தாழ்மையான எண்ணம். சபையில் அவருக்கு உதவிய அத்தனை பேர் மனமும்தான்.

நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் சுவரைத் தட்டினார். நான் போனேன். மேசை துடைத்திருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அரை மணிக்கு முன்னால் அவர் அதைக் கழுவிய சத்தம் எனக்குக் கேட்டது.

"பர்னபாஸ், நான் சாப்ட்டனா?"

"இன்னும் இல்ல டீச்சர்," என்றேன்.

அவர் வெட்கத்தோடு சிரித்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் கவிழ்த்த தட்டை நிமிர்த்தி, சோறு போட்டு, ரசம் ஊற்றி, எதிரில் உட்கார்ந்து ஜெபித்தேன். அவர் கண்ணை மூடி ஆமென் சொன்னார். வயிறு நிறைந்த பெண் கஷ்டப்பட்டு, ஒவ்வொரு கவளமாக, நான் வைத்ததைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். என்னை இவ்வளவு நம்புகிறவர் ஒரு காலத்தில் என்னை விட்டுப் போக நினைத்தார் என்பதைத்தான், ஐயா, எவ்வளவு ஜெபித்தும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.